முதல்நூல் கேட்போர் நெஞ்சில்: ராக் போற்றிசைக் குழுக்களின் மேடை நிகழ்வும் அவையோர் எதிர்பார்ப்பும்

முன்னுரை

ஒரு கலைப்படைப்பு, படைத்தவரின் கையை விட்டு நீங்கிப் பிறர் குரலிலும் பிறர் விரலிலும் மீண்டும் நிகழும்போது அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பது திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். நூலுக்கு உரை, காப்பியத்திற்கு மொழிபெயர்ப்பு, நாடகத்திற்கு மறுமேடையேற்றம் எனப் பல வடிவங்களில் இவ்வினா எழுந்துள்ளது. மேலைநாட்டு ராக் இசையுலகில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ள ஒரு நிகழ்கலை வகை, இவ்வினாவை வேறெங்கும் காணாத கூர்மையுடன் எழுப்புகிறது. புகழ்பெற்ற ஒரு குழுவின் பாடல்களை மட்டுமே, அக்குழுவை நினைவூட்டும் பெயரைச் சூடிக்கொண்டு, அதன் ஒலியையும் பல நேரங்களில் அதன் தோற்றத்தையும் பின்பற்றி மேடையில் நிகழ்த்தும் குழுக்களே அவ்வகையைச் சார்ந்தவை. ஆங்கிலத்தில் ‘டிரிப்யூட் பேண்ட்’ எனப்படும் இவற்றை இக்கட்டுரை ‘போற்றிசைக் குழுக்கள்’ எனக் குறிக்கிறது.

போலி என்று இவற்றை ஒதுக்குவது எளிது. ஆயினும் போலி என்று நன்கறிந்தே மக்கள் கட்டணம் செலுத்தி அரங்கிற்கு வருகின்றனர். ஏமாற்றப்படாத ஒருவர் போலியை விரும்பித் தேடுகிறார் எனின், அவர் தேடுவது என்ன? இவ்வினாவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அவையோர் நாடுவது மூலக்கலைஞரின் உருவொப்புமையை அன்று. தம் நெஞ்சில் ஏற்கெனவே பதிந்துள்ள படைப்பு, தம் கண்முன் மனித முயற்சியால் மீண்டும் நிகழ்வதையே நாடுகின்றனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இது வினாப்படிவம் கொண்டு செய்த கள ஆய்வன்று. நெடுங்காலம் நிலைபெற்ற குழுக்கள் தம் நிகழ்ச்சிகளில் எவற்றைப் பேணியுள்ளன, எவற்றை மாற்றியுள்ளன என்பதை நோக்கி, அவ்வமைப்பிலிருந்து அவையின் விருப்பத்தை உய்த்துணர்வதே இங்குக் கையாளப்படும் அணுகுமுறை.

தோற்றமும் பரவலும்

பிறர் பாடலைத் தம் நிகழ்ச்சியில் பாடுதல் ராக் இசையில் தொடக்க முதலே உள்ள வழக்கம். அது ‘கவர்’ எனப்படும். போற்றிசை அதனின் வேறானது. முன்னதில் பாடல் மட்டுமே கடன் பெறப்படுகிறது. பின்னதில் ஒரு குழுவின் முழு ஆளுமையும் நிகழ்ச்சியின் பொருளாகிறது.

1977இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் தொடங்கிய ‘பீட்டில்மேனியா’ என்னும் மேடை நிகழ்ச்சி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் லண்டன் மேடையேற்றத்தில் பங்கேற்றோரிடமிருந்து 1980இல் ‘பூட்லெக் பீட்டில்ஸ்’ குழு உருவாயிற்று. 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அபா குழுவைப் போற்றும் ‘பியோர்ன் அகெய்ன்’ குழுவும், அதே ஆண்டில் அடிலெய்டில் பின்னாளில் ‘தி ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ’ எனப் பெயர்பெற்ற குழுவும் தோன்றின. பெருங்குழுக்கள் அரிதாகவே வந்துசேரும் தொலைநிலம் ஆஸ்திரேலியா. அபா குழு அங்கு இசைச்சுற்றுலா மேற்கொண்டது 1977இல் ஒருமுறையே. வாராதவர்க்கு மாற்று என்ற தேவையிலிருந்து இக்கலை வளர்ந்தமை இதனால் புலனாகிறது.

எனினும் தொலைவு மட்டுமே காரணமாக இருந்திருப்பின் இவ்வகை அங்கேயே நின்றிருக்கும். மூலக்குழுக்களின் தாயகமான இங்கிலாந்திலும் இக்குழுக்கள் பேரவைகளை ஈர்த்தன. 1996இல் நெப்வொர்த்தில் ஒயேசிஸ் குழு நடத்திய பெருநிகழ்ச்சியில் பூட்லெக் பீட்டில்ஸ் குழுவும் மேடையேறியது. அதே ஆண்டில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில் இசைத்தது அடிலெய்டில் பிறந்த போற்றிசைக் குழுவே. மூலவரே தம்மைப் போற்றுவோரின் அவையில் ஒருவராக அமர்ந்த அந்நிகழ்வு, இவர்களைப் போலி என்னும் ஒரு சொல்லால் தள்ளிவிட இயலாது என்பதைக் காட்டுகிறது.

முதல்நூல், வழிநூல் என்னும் அளவுகோல்

மூலத்திற்கும் அதன்வழி வந்த ஆக்கத்திற்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாகச் சிந்தித்துள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாகப் பகுக்கிறது. நன்னூல் சார்புநூல் என்னும் மூன்றாம் வகையையும் கூறுகிறது. வழிநூல் முதல்நூலோடு பொருளால் ஒத்து, பின்வந்த ஆசிரியர் வேண்டும் வேறுபாட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பது நன்னூலார் தரும் விளக்கம். முன்னோர் சொல்லை அவ்வாறே எடுத்தாளுதல் திருட்டாகாது, மதிப்பின் வெளிப்பாடாகும் என்னும் கருத்தும் அம்மரபில் உண்டு.

இலக்கண நூலுக்கு வகுத்த அளவுகோலை இசை நிகழ்ச்சிக்குப் பொருத்துவது தகுமா என்னும் ஐயம் எழலாம். இங்கு அளவுகோலின் சொற்களைக் காட்டிலும் அதன் அடிப்படையே நமக்குப் பயன்படுவது. அவ்வடிப்படை இரண்டு கூறுகளை உடையது. ஒன்று, வழிநூல் தன்னை வழிநூல் என்று அறிவித்துக்கொள்ள வேண்டும். மறைப்பின் அது களவாகும். மற்றொன்று, ஒத்தலும் வேறுபடுதலும் அதனுள் சேர்ந்தே இயங்கும்.

போற்றிசைக் குழுவின் பெயரே முதற்கூறினை நிறைவேற்றிவிடுகிறது. பியோர்ன் அகெய்ன் என்னும் பெயர், மறுபிறப்பைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரோடு அபா கலைஞர் ஒருவரின் பெயரைப் பிணைத்த சிலேடை. ‘பூட்லெக்’ என்பதோ உரிமையற்ற பதிவைக் குறிக்கும் சொல். தன்னைப் படி என்று பெயரிலேயே சொல்லிக்கொள்வது ஏமாற்றாகாது. இரண்டாம் கூறு இவ்வளவு எளிதன்று. எதனோடு ஒத்தல் என்ற வினாவிற்கு விடை காண வேண்டியுள்ளது.

நிகழாத நிகழ்ச்சி

பீட்டில்ஸ் குழு, 1966 ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் இசைத்ததோடு கட்டண நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. அதன்பின் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ (1967), ‘அபி ரோடு’ (1969) ஆகிய தொகுப்புகள் பதிவுக்கூடத்தில் பிறந்து இசைத்தட்டிலேயே வாழ்ந்தவை. முன்னதன் இறுதிப் பாடலுக்கு 40 இசைக்கலைஞர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா பயன்படுத்தப்பட்டது. ஒலிநாடாவின் வேகத்தை மாற்றுதல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிதல் முதலிய உத்திகளால் ஆன அவ்வொலியை நால்வர் மேடையில் நிகழ்த்த அன்றைய கருவிகள் இடந்தரவில்லை.

ஆகவே சார்ஜென்ட் பெப்பர் தொகுப்பைப் பீட்டில்ஸ் மேடையில் இசைக்கக் கேட்டோர் எவருமிலர். ஆயினும் அத்தொகுப்பின் பாடல்கள் போற்றிசைக் குழுக்களின் நிகழ்ச்சிகளில் தவறாது இடம்பெறுகின்றன. 1998இல் நியூயார்க்கில் தோன்றிய ‘தி ஃபேப் ஃபோ’ குழு, பீட்டில்ஸின் பிற்காலத் தொகுப்புகளை நரம்பிசை, காற்றிசைக் கலைஞரின் துணையோடு மேடையில் நிகழ்த்துவதையே தன் சிறப்பாகக் கொண்டது. இக்குழுவினர் பொய்முடி அணிவதில்லை. லிவர்பூல் பேச்சைப் பின்பற்றுவதில்லை. தம் இயல்பான உடையிலேயே மேடையேறுவர். தட்டில் உள்ள ஒவ்வோர் ஒலியும் மேடையில் பிறக்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கு.

போற்றிசை என்பது இளமையில் கண்ட நிகழ்ச்சியை மீண்டும் காணும் ஏக்கம் என்று பொதுவாக விளக்குவர். ஆனால் இங்கு மீண்டும் காண முதற்காட்சி என்று ஒன்றில்லை. அவையோர் விரும்புவது கண்டதன் மறுகாட்சியை அன்று; என்றும் நிகழாத ஒன்றின் முதல் நிகழ்வையே. அவர்க்கு முதல்நூல் மேடை நிகழ்ச்சி அன்று, இசைத்தட்டு. அத்தட்டும் கடைத் தட்டாக இருந்து, நூறுமுறை கேட்கப்பட்டு, அவரவர் நெஞ்சில் மனப்பாடமாகிவிட்டது. எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்கப்படும், எந்த இடத்தில் முரசு ஒரு கணம் தயங்கும் என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். ஏட்டை ஓதுவார் கையிலன்றி அவையோர் அனைவர் கையிலும் வைத்திருக்கும் அரங்கேற்றம் இது. ஓதுவார்க்கு இதனினும் கடிய அவை வேறில்லை.

எந்த மூலம்?

முதல்நூல் ஒன்றே எனின் ஒத்தல் எளிது. ராக் இசையிலோ ஒரே பாடலுக்குப் பல முதல்நூல்கள் உள்ளன. லெட் செப்பலின் குழுவின் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாடல் 1969இல் வந்த முதல் தொகுப்பில் ஏறத்தாழ ஆறரை நிமிடம் ஒலிக்கிறது. 1973இல் நியூயார்க்கில் பதிவாகி 1976இல் வெளிவந்த மேடைப் பதிவில் அதே பாடல் 25 நிமிடத்திற்கும் மேல் நீள்கிறது. தட்டைப் பின்பற்றினால் மேடைக்கு மாறு. மேடையைப் பின்பற்றினால் தட்டுக்கு மாறு. அப்படியே நிகழ்த்துதல் என்பதற்கும் ஒரு தேர்வு தேவைப்படுகிறது. தேர்வு உள்ள இடத்தில் பாடபேதம் நோக்கும் பதிப்பாசிரியரின் பணியும் உண்டு. இத்தேர்வின் இரு எல்லைகளைக் காட்டும் இரு குழுக்கள் ஒப்பிடத்தக்கவை.

முதலாவது, 1993இல் கனடாவின் மாண்ட்ரியலில் தோன்றிய ‘தி மியூசிக்கல் பாக்ஸ்’. இக்குழு ஜெனிசிஸ் குழுவின் 1970களின் மேடை நிகழ்ச்சிகளை உடை, ஒளியமைப்பு, பாடல்களுக்கிடையே பீட்டர் கேப்ரியல் கூறிய கதைகள் உட்பட மீட்டமைக்கிறது. 1974-75இல் ஜெனிசிஸ் நிகழ்த்திய ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ என்னும் நிகழ்ச்சி முழுமையாகப் படமாக்கப்படவில்லை. அச்சுற்றுலா முடிந்தபின் கேப்ரியல் குழுவை விட்டு விலகினார். அந்நிகழ்ச்சியை மீட்டமைக்க மியூசிக்கல் பாக்ஸ் குழு மூலக்குழுவின் உரிமம் பெற்று, அன்று திரையில் காட்டப்பெற்ற மூல வில்லைப் படங்களையும் பயன்படுத்தியது. ஒளிப்படம், ஒலிப்பதிவு, உடை, நினைவு ஆகிய சிதறிய சான்றுகளைக் கூட்டி அழிந்த ஒன்றை எழுப்பும் இப்பணி, செல்லரித்த ஏடுகளைக் கொண்டு பாடம் மீட்கும் பதிப்புப் பணியை ஒத்தது. இங்கு அவையோர் வேண்டுவது அருங்காட்சியகத் துல்லியம். புதுமையை இங்கு அவர்கள் பிழையாகவே கருதுவர்.

இரண்டாவது, 1997இல் சிகாகோவில் தோன்றிய ‘டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா’. இது போற்றும் கிரேட்ஃபுல் டெட் குழு, 1965 முதல் 1995இல் ஜெர்ரி கார்சியா மறையும் வரை இயங்கியது. ஒவ்வோர் இரவும் வேறு பாடல் வரிசை, ஒவ்வொரு முறையும் வேறு மனோதர்மம் என்பதே அதன் இயல்பு. தம் நிகழ்ச்சிகளை அவையோர் ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் அக்குழு இசைவு தந்தது. அதனால் ஆயிரக்கணக்கான இரவுகளின் பதிவுகள் அன்பர்களிடையே சுழன்றன. டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா அவற்றுள் ஒரு குறிப்பிட்ட நாளின் நிகழ்ச்சியைத் தேர்ந்து, அன்றைய பாடல் வரிசை முழுவதையும் அதே முறையில் இசைக்கும். மேடையில் கருவிகளின் அமைப்பும் அக்காலத்தை ஒட்டியதாக இருக்கும். எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை இறுதியில்தான் அறிவிப்பர். அவையோர் அதுவரை அதனை ஊகித்து மகிழ்வர். ஆனால் அன்று கார்சியா மீட்டிய ஒவ்வொரு சுரத்தையும் இக்குழு படியெடுப்பதில்லை. வரிசை மூலத்தினது, கற்பனை நிகழ்த்துவோரது. மூலக்குழு தன்னையே படியெடுக்காத குழுவாதலின், அதனை அப்படியே படியெடுத்தல் அதற்கு மாறாகிவிடும் என்னும் நுட்பம் இதில் உள்ளது.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. ஜெனிசிஸ் நிகழ்ச்சி எழுதி அமைத்த நாடகம் போன்றது. ஆதலின் எழுத்தெண்ணிப் போற்றுதல் அதற்கு உரியது. கிரேட்ஃபுல் டெட் நிகழ்ச்சி கணந்தோறும் பிறந்தது. ஆதலின் பிறப்பிக்கும் முறையைப் போற்றுதல் அதற்கு உரியது. மூலத்தின் புறவடிவையன்றி அதன் உயிர்நிலையை அறிந்து அதனோடு ஒத்தலையே தேர்ந்த அவை உண்மையான ஒத்தல் எனக் கொள்கிறது.

உருவும் ஒலியும்

உருவொப்புமை இதில் பெறும் இடம் யாது? பொய்முடியும் உடையும் இவ்வகையின் புற அடையாளமாகிவிட்டன. அபா, பீட்டில்ஸ் போன்ற குழுக்களின் முகமும் உடையும் அவற்றின் கலையோடு பிரிக்க முடியாதவை. ஆதலின் அங்கு வேடம் இயல்பாகிறது. ஆயினும் வேடத்தை அவையோர் நம்புவதில்லை, விளையாட்டாகவே ஏற்கின்றனர். பியோர்ன் அகெய்ன் குழுவினர் மூலக்கலைஞர் பெயர்களைத் திரித்த நகைப்புப் பெயர்களைச் சூடி, சுவீடிய ஒலிப்பில் ஆங்கிலம் பேசி, வேடம் வேடமே என்பதை ஓயாது நினைவூட்டினர். நகை என்னும் மெய்ப்பாடு இங்கு நேர்மையின் கருவியாகிறது. ‘நாங்கள் அவர்கள் அல்லர்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் மேடையில், பாடலை மட்டும் பழுதின்றிப் பாடுவது மேலும் மதிப்புப் பெறுகிறது.

பிங்க் ஃபிளாய்ட் நிலை இதற்கு மறுதலை. வட்டத்திரை, ஒளிக்கற்றை, காற்றடைத்த பேருருவங்கள் ஆகியவற்றின் பின்னே தம் முகங்களை மறைத்துக்கொண்ட குழு அது. 1980-81இல் நான்கு நகரங்களில் மட்டும் நிகழ்ந்த ‘தி வால்’ நிகழ்ச்சியின் தொடக்கத்தில், அக்குழுவினரின் முகமூடி அணிந்த மாற்றுக் கலைஞர் மேடையில் தோன்றுவர். அவையோர் அவர்களையே மூலவர் என்று கருதி ஆர்ப்பரித்தபின் மெய்யான குழு வெளிப்படும். பேரரங்கில் ஆர்ப்பரிக்கும் கூட்டம் கலைஞரின் முகத்தைக் காண்பதில்லை என்னும் கசப்பான விமரிசனம் அது. பின்வந்த போற்றிசைக் குழுக்கள் அக்கசப்பையே தம் கலையின் தளமாக்கிக்கொண்டன. முகம் தேவையற்ற இசைக்கு முகவொப்புமை தேவையில்லை. ஒலியும் ஒளியும் போதும். ஆஸ்திரேலியக் குழு இதில் தன் வேறுபாட்டையும் சேர்த்தது. மூலக்குழுவின் காற்றடைத்த பன்றியோடு இளஞ்சிவப்புக் கங்காரு ஒன்றும் அதன் மேடையில் எழுந்தது. நன்னூலார் வழிநூலுக்கு வழங்கிய உரிமையை அவையோர் இக்குழுவுக்கும் மகிழ்ந்து வழங்கினர்.

2004இல் நியூயார்க்கில் தோன்றிய ‘லெஸ் செப்பலின்’ குழுவினர் அனைவரும் பெண்கள். ஆண்மைச் செருக்கின் அடையாளமாகப் பேசப்பட்ட லெட் செப்பலின் இசையை அவர்கள் நிகழ்த்தும்போது உருவொப்புமை என்னும் வாதமே அற்றுப்போகிறது. அவ்விசையின் ஆற்றல் பாடியவரின் பாலில் இருந்ததா, பாட்டின் கட்டமைப்பில் இருந்ததா என்று கேட்போர் தம்மையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. மூலக்குழுவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எழாத வினா இது. வழிநூல் முதல்நூலுக்கு உரையாக அமையும் இடமும் இதுவே.

அவையின் பங்கு

நிகழ்த்துவோரிடம் தோன்றுவது காண்போரிடம் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் பொருள்பட, செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டி இளம்பூரணர் விளக்குவார். போற்றிசை அரங்கில் இவ்வோட்டம் இருவழிப்பட்டது. உணர்ச்சி மேடையிலிருந்து அவைக்குச் செல்வதற்கு முன்னரே அவையில் உள்ளது. முதல் சில சுரங்கள் ஒலித்தவுடனே எழும் ஆரவாரம், அச்சுரங்களைச் சிறப்பாக மீட்டியமைக்காக எழுவதன்று. பாடல் இன்னதென்று அறிந்துகொண்டமைக்காக எழுவது. தனியறையில் தனித்துக் கேட்ட ஒன்று, தம்மைப் போலவே தனித்துக் கேட்ட ஆயிரம் பேருக்கும் உரியது என்பதைக் கண்டறியும் கணம் அது. உவகை எனும் மெய்ப்பாட்டின் ஒரு கூறாகிய இது, பதிவுத் தொழில்நுட்பக் காலத்திற்கே உரியது.

அவையோர் பாடலுடன் சேர்ந்து பாடுவதும் இதனாலேயே. மூலக்குழு மேடையில் இருப்பின் அவையோர் வழிபடுவோர். போற்றிசைக் குழு மேடையில் இருப்பின் அவர்கள் உடன்வழிபடுவோர். மேடையில் நிற்பவரும் ஒருகாலத்தில் தம்மைப் போல் தட்டைக் கேட்டுக் கேட்டுக் கற்றவரே என்பதை அவை அறியும். இச்சமநிலை மூலவரின் நிகழ்ச்சியில் கிட்டாத ஒன்று.

முழு ஒப்புமையின் எல்லை

அவையோர் நாடுவது உருவொப்புமையே எனின், அது முழுமை பெறும்போது நிறைவும் முழுமை பெற வேண்டும். 2022 மே 27 அன்று லண்டனில் தொடங்கிய ‘அபா வாயேஜ்’ நிகழ்ச்சி இக்கூற்றைச் சோதிக்கத் துணைபுரிகிறது. மூலக்கலைஞர் நால்வரின் உடலசைவுகளைக் கணினியில் பதிந்து, அவர்தம் இளமைத் தோற்றத்தில் எண்ணியல் உருவங்களாகக் காட்டும் நிகழ்ச்சி அது. இதற்கெனவே மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கொன்று கட்டப்பட்டது. குரல் மூலவருடையது, முகம் மூலவருடையது, அசைவும் மூலவருடையது. இதற்குமேல் ஒத்தல் இயலாது.

ஆயினும் அந்நிகழ்ச்சியை அமைத்தோர், பத்துப் பேர் கொண்ட இசைக்குழு ஒன்றை மேடையில் உயிரோடு இசைக்க வைத்தனர். அனைத்தையும் பதிவிலிருந்தே ஒலிக்கச் செய்யும் வாய்ப்பு இருந்தும் அதனைச் செய்யவில்லை. இது நோக்கத்தக்கது. பிழை நேரக்கூடிய ஒருவர் பிழையின்றி இசைக்க முயலும் முயற்சியே மேடை நிகழ்வின் உயிர். பிழைக்க வாய்ப்பில்லாத உருவம் வியப்பைத் தரும். அவ்வியப்பு மருட்கை எனப்படும். போற்றிசைக் குழு தருவதோ பெருமிதம். உயர்ந்த ஒலியை எட்டுவாரோ எட்டாரோ என்று அவை மூச்சடக்கிக் காத்திருக்கும் அக்கணத்தில் மூலவர் மறைந்துவிடுகிறார். மேடையில் நிற்கும் பெயர் தெரியாத பாடகரும் பாடலுமே எஞ்சுகின்றனர்.

இழப்பும் ஆக்கமும்

இவ்வகையின் இழப்பைச் சொல்லாது விடுதல் நடுநிலையாகாது. பிறர் விரலசைவைப் பல்லாண்டு பயின்ற கலைஞர்க்குத் தம் குரல் எது என்று கேட்கப்படும் வாய்ப்பே குறைகிறது. சிலர்க்குப் போற்றிசை ஏணியாகியுள்ளது. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவைப் போற்றிய குழுவில் பாடிய டிம் ஓவன்ஸ் 1996இல் அம்மூலக்குழுவிற்கே பாடகரானார். டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ராவின் ஜான் கட்லெசிக் 2009இல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் எஞ்சிய கலைஞர் இருவர் தொடங்கிய ‘ஃபர்தர்’ குழுவில் சேர்ந்தார். ஆனால் இவை விலக்குகளே. அவ்வாறு ஏறியோரும் பிறர் எழுதிவைத்த இடத்தில்தான் நின்றனர். அறிந்த பாடலுக்குக் கூடும் கூட்டம் அறியாத பாடலுக்குக் கூடுவதில்லை என்பது புதிதாய் எழுதும் இசைஞர் எதிர்கொள்ளும் கடுமையான உண்மை. முன்னரே அறிந்ததையே விரும்பும் அவை, தான் அறியாத ஒன்றைக் கேட்கும் பொறுமையை இழக்கக்கூடும்.

போற்றுதலுக்கு வேறு வழியும் உண்டு என்பதை நம் நாட்டு நிகழ்வொன்று காட்டுகிறது. மேகாலயத்தின் ஷில்லாங் நகரில் லூ மஜாவ் என்னும் இசைஞர் 1972 முதல் மே 24ஆம் நாளைப் பாப் டிலனின் பிறந்தநாளாகப் பாடிக் கொண்டாடும் மரபைத் தோற்றுவித்தார். அவர் டிலனாக வேடமிடவில்லை. டிலனின் குரலைப் பின்பற்றவுமில்லை. தம் குரலில், தம் உடையில், தம் ஊரில் அப்பாடல்களைப் பாடினார். ஃபேப் ஃபோ குழு ஒலியைப் போற்றி உருவை விடுத்தது. மஜாவ் பாட்டைப் போற்றி ஒலியையும் விடுத்தார். நன்னூல் வகைப்பாட்டில் முன்னதை வழிநூல் என்றும் பின்னதைச் சார்புநூல் என்றும் கொள்ளலாம். போற்றுவோர் தம்மை இழக்காமலே போற்ற இயலும் என்பதற்கு ஷில்லாங் சான்றாகிறது.

எனினும் ஆக்கம் ஒன்றையும் மறுக்க இயலாது. ராக் இசையின் முதல் தலைமுறைப் படைப்பாளர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். ஜான் லெனான் 1980இலும், ஜார்ஜ் ஹாரிசன் 2001இலும், பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட் 2008இலும் மறைந்தனர். படைத்தோர் அனைவரும் மறைந்தபின் அப்படைப்புகள் மேடையில் வாழுமா, பதிவில் மட்டும் உறையுமா என்பது இன்று எதிர்நிற்கும் வினா. பாடியவரோடு பாட்டும் முடியும் எனின் உலகில் எந்த இசை மரபும் நின்றிராது. இயற்றியவர் மறைந்தபின்னும் பாடாந்தரங்களாய்க் கைமாறி வாழ்வதே மரபு. ராக் இசை தன்னை இளமையின் கலை என்றே கருதிவந்ததால், மரபாகும் நாளைப் பற்றி அது எண்ணவில்லை. போற்றிசைக் குழுக்கள் அந்நாளைக்கு அதனைப் பழக்கிவருகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. போற்றிசை அவையோர்க்கு முதல்நூல் மேடையில் இல்லை. இசைத்தட்டின் வழியாக அவர்தம் நெஞ்சிலேயே உள்ளது. பீட்டில்ஸின் பிற்காலப் பாடல்கள் இதற்குத் தெளிவான சான்று.

2. ஒத்தல் என்பது புறத்தோற்றத்தை ஒத்தலன்று; மூலத்தின் உயிர்நிலையை ஒத்தல். அதனாலேயே மியூசிக்கல் பாக்ஸ் எழுத்தெண்ணிப் படியெடுப்பதும், டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா படியெடுக்க மறுப்பதும் ஒருங்கே ஏற்கப்படுகின்றன.

3. வேடம் நம்பவைப்பதற்கன்று; நம்பாமையை மகிழ்ச்சியாக மாற்றுவதற்கு.

4. முழு ஒப்புமையை எட்டிய அபா வாயேஜ் நிகழ்ச்சியும் உயிருள்ள இசைஞரைக் கைவிடவில்லை. பிழைக்கக்கூடிய மனிதர் பிழையாது இசைக்கக் காண்பதே அவையோரின் நிலையான விருப்பம்.

5. அறிந்ததையே நாடும் இவ்விருப்பம் புதியதைக் கேட்கும் செவியை மழுங்கச் செய்யும் இடரும் உண்டு. தம் குரலை இழவாது போற்றும் நெறியே இதற்கு மாற்று.

இக்குழுக்களை மதிப்பிடும் திறனாய்வாளர், ‘இவர்கள் அவர்களைப் போல் இருக்கிறார்களா?’ என்று கேட்பதை விடுத்து, ‘இவர்கள் பாடியதால் அப்பாடலில் இதுவரை கேட்காத எதனைக் கேட்டோம்?’ என்று கேட்பாராயின் நல்ல குழுவும் அல்லாத குழுவும் எளிதில் பிரிந்து நிற்கும். நல்ல வழிநூல், படித்தவரை முதல்நூலின்பால் மீண்டும் அனுப்பும். போற்றிசை நிகழ்ச்சி கேட்டு வீடு திரும்பியவர் பழைய இசைத்தட்டை எடுத்துப் புதிய செவியோடு கேட்கத் தொடங்குவாராயின், அந்நிகழ்ச்சி தன் கடமையைச் செய்தது எனலாம்.